எல்லை தாண்டும் காப்பீடு

விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தொடங்கிவிடுவதால், வேலைக்காகவோ திருமணத்தாலோ எல்லை கடந்து குடிபெயர்வது இப்பகுதியில் இயல்பானது. வருமான வரி ஒன்றிய அரசுக்குரியது என்பதால் இக்குடிபெயர்வு வரிக்கணக்கை மாற்றுவதில்லை. ஆனால் மருத்துவக் காப்பீட்டின் நிலை, அதை வழங்குவது யார் என்பதைப் பொறுத்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டதால், அட்டையைப் புதுச்சேரிக்கு மாற்றிக்கொள்ளும் குடும்பம் அத்தகுதியை இழக்கிறது. ஏழைகளுக்கு இது சிறிய இழப்பன்று.

தனிநபர் பாலிசியோ, அதாவது சொந்தமாகப் பிரீமியம் செலுத்திக் காப்பீட்டு நிறுவனத்திடம் எடுப்பது, பொதுவாக நாடு முழுவதும் செல்லுபடியாகும். புதிய முகவரியை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஊரைப் பொறுத்துப் பிரீமியம் வகுக்கும் நிறுவனங்களில் தொகை மாறவும் கூடும். காத்திருப்புக் காலம் எனப்படும், முன்பே இருந்த நோய்களுக்கு இழப்பீடு கிடைக்காத காலம், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதங்கள். 2011 முதல் நடைமுறையிலுள்ள போர்ட்டபிலிட்டி முறையில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அதில் கழிந்த மாதங்கள் வீணாவதில்லை, பாலிசியைக் கைவிட்டுப் புதிதாக எடுத்தாலோ அக்காலம் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே குடிபெயர்வோர் பழைய பாலிசியைப் புதுப்பிக்கும் நாளைத் தவறவிட வேண்டாம்.