கோப்பை ஜெயிச்ச கிளப் எல்லாம் எங்கே போச்சு? இந்திய கால்பந்து லீக்கின் கதை

இன்னைக்கு எபிசோட் கால்பந்து பத்தி. மெஸ்ஸி கிடையாது, பிரீமியர் லீக் கிடையாது. நம்ம நாட்டு லீக். "அதுல பேச என்னடா இருக்கு"ன்னு ஸ்கிப் பட்டனைத் தேடுறவங்க ஒரு ரெண்டு நிமிஷம் மட்டும் இருங்க.

2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் சீசனோட கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிக்குது. அன்னைக்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயிக்குது. ஆனாலும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை சென்னை சிட்டிக்கு. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுதான் முதல் முறை. முன்கள வீரர் பெத்ரோ மான்சி அந்த சீசனில் மட்டும் 21 கோல். கோச் சிங்கப்பூர்க்காரர், அக்பர் நவாஸ். ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. எல்லாமே சரியா போயிட்டிருந்த மாதிரி தெரிஞ்சது.

இப்போ கேள்வி. அந்த அணி எங்கே? 2021 டிசம்பரில் ஐ-லீக் சீசன் ஆரம்பிச்சப்போ பட்டியல்ல அந்தப் பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூணு வருஷம்கூட முழுசா ஆகலை.

சரி, இது ஒரு கிளப்போட துரதிர்ஷ்டம்னு விட்டுடலாமா? சாம்பியன் பட்டியலை எடுத்துப் பாருங்க. 1996-97இல் முதல் தேசிய லீக்கை வென்றது பஞ்சாபின் ஜே.சி.டி. 14 கோல் அடிச்சு அதிக கோல் அடித்தவர், இளம் பைச்சுங் பூட்டியா. 2011இல் அந்த கிளப்பை மூடிட்டாங்க. 2005-06 சாம்பியன் மும்பையின் மஹிந்திரா யுனைடெட். 2010இல் மூடியாச்சு. கோவாவின் டெம்போ ஐந்து முறை சாம்பியன், சல்கோகர் இரண்டு முறை. ரெண்டு பேரும் 2016இல் ஐ-லீக்கை விட்டே வெளியேறினாங்க. டெம்போ திரும்பி வர 2024 ஆச்சு.

பொதுவா ஒரு லீக்ல தோத்த கிளப்தான் காணாமப் போகும். இங்கே ஜெயிச்ச கிளப்பே காணாமப் போகுது. ஏன்? இன்னைக்கு பேசப் போறது அதைத்தான்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1996க்கு முன்னாடி இந்தியாவில் தேசிய லீக்குன்னு ஒன்று கிடையாது. கால்பந்து இல்லாம இல்லை. டூரண்ட் கோப்பை 1888இல் ஆரம்பிச்சது, கல்கத்தா லீக் 1898இல். மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி 1941இல் இருந்து நடக்குது. ஆனா வருஷம் முழுக்க ஊர் ஊராப் போய் ஆடுற லீக் இல்லை. அணிகளும் வேற மாதிரி. வங்கி அணி, போலீஸ் அணி, மில் அணி, ராணுவ அணி. நம்ம சென்னையில இந்தியன் வங்கி அணி இருந்தது, தேசிய லீக்கின் ஆரம்ப வருஷங்களில் ஆடியும் இருக்கு. ஆடுறவருக்கு அங்கேயே வேலை, மாசச் சம்பளம். கால்பந்து ஆடி முடிச்ச பிறகும் கவுண்ட்டர்ல ஒரு நாற்காலி இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனா அந்த அமைப்புல ஒரு ஓட்டை இருந்தது. அணி ஊருக்குச் சொந்தமில்லை, நிறுவனத்துக்குச் சொந்தம். வருஷா வருஷம் பட்ஜெட்ல அது ஒரு வரி. லாபம் குறைஞ்சாலோ, மேனேஜ்மென்ட் மாறினாலோ அந்த வரியை அடிச்சிடலாம். ஜே.சி.டி. மூடினப்போ சொன்ன காரணத்தோட சாரம் இதுதான்: டி.வி.யில் யாரும் பார்க்காத லீக்குக்குப் பணம் போட்டு கம்பெனிக்கு என்ன பலன்? கம்பெனி பக்கம் நின்னு பார்த்தா அதுவும் நியாயமான கேள்விதான்.

இடையில வேற மாதிரி முயற்சியும் நடந்தது. 1997இல் எஃப்.சி. கொச்சின் வந்தது. வங்கி வேலை, போலீஸ் வேலை எதுவும் இல்லாத, முழு நேர தொழில்முறை கிளப். ஆரம்பிச்ச வருஷமே டூரண்ட் கோப்பையை ஜெயிச்சாங்க. சில வருஷத்துல பணம் தீர்ந்து போய் முடிஞ்சு போச்சு.

இனி லீக்குக்கு வருவோம். நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க வேலையில ஒரு வியாதி உண்டு. பழைய சிஸ்டம் சொதப்புதா? ஏன் சொதப்புதுன்னு யாரும் உள்ளே இறங்கிப் பார்க்க மாட்டாங்க. "மொத்தமா புதுசா எழுதிடலாம்"னு ஒருத்தர் மீட்டிங்ல சொல்வார், எல்லாரும் தலையாட்டுவாங்க. புது சிஸ்டம் பளபளன்னு வரும். பழையதுல இருந்த டேட்டாவை ஒழுங்கா மாத்தினோமான்னு மட்டும் யாரும் கேட்க மாட்டாங்க.

இந்திய லீக்கை மூணு முறை புதுசா எழுதியிருக்காங்க. 1996இல் தேசிய கால்பந்து லீக். 2007இல் அதை மாத்தி ஐ-லீக். 2014இல் ஐ.எஸ்.எல்.

2010 டிசம்பரில் இந்தியக் கால்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோட 15 வருஷ ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி ரூபாய். அதுல இருந்து பிறந்ததுதான் ஐ.எஸ்.எல். 2014 அக்டோபரில் எட்டு அணிகளோட ஆரம்பிச்சது. எட்டுமே புதுசு. பழைய கிளப் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

ஐ.எஸ்.எல். கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. முதல் சீசன்லேயே ஒரு ஆட்டத்துக்கு சராசரியா 25,000 பேருக்கு மேல ஸ்டேடியத்துக்கு வந்தாங்க. நல்ல மைதானம், நல்ல ஒளிபரப்பு, வீரர்களுக்கு நல்ல சம்பளம். 2015லயும் 2017-18லயும் சென்னையின் எஃப்.சி. கோப்பை வாங்கினப்போ இந்த ஊர்ல எத்தனை பேர் கால்பந்து ரசிகர் ஆனாங்கன்னு உங்களுக்கே தெரியும். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ்னு ரசிகர் கூட்டங்கள் அதனால வந்ததுதான்.

பிரச்சினை வேற இடத்துல. மேலே ஒரு மூடின லீக், கீழே பழைய லீக். ரெண்டுக்கும் நடுவுல படிக்கட்டு இல்லை. 2016இல் ஐ.எஸ்.எல்.லை முதன்மை லீக்கா ஆக்குற திட்டம் வெளியே வந்ததும் கோவாவின் டெம்போ, சல்கோகர், ஸ்போர்ட்டிங் மூணும் வெளியேறினாங்க. எவ்வளவு ஜெயிச்சாலும் மேல போக முடியாத லீக்ல ஏன் காசைப் போடணும்?

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அந்தக் காலி இடங்களை நிரப்ப ஆள் வேணுமே. முந்தின சீசனில் தரமிறங்கிய மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி.யைத் திரும்பக் கூப்பிட்டாங்க. மினர்வா பஞ்சாபுக்கும் சென்னை சிட்டிக்கும் நேரடி இடம் கொடுத்தாங்க. 2016-17 சாம்பியன் யார்? ஐஸ்வால், காலித் ஜமீலின் பயிற்சியில், மோகன் பகானை ஒரு புள்ளியில முந்தி. 2017-18? மினர்வா. 2018-19? சென்னை சிட்டி. இடத்தை நிரப்ப வந்த மூணு கிளப்பும் வரிசையா மூணு வருஷம் கோப்பையைத் தூக்கினாங்க! கதையா எழுதியிருந்தா, "ரொம்ப ஓவரா இருக்கே"ன்னு சொல்லியிருப்போம்.

ஆனா அந்தக் கோப்பை அவங்களை எங்கே கூட்டிட்டுப் போச்சு? ஐஸ்வால் மேல் லீக்ல இடம் கேட்டாங்க, கிடைக்கலை. சென்னை சிட்டிக்கு ஆசியப் போட்டியில ஆடுற வாய்ப்பு வந்தது, மேல போற வழி வரலை. 2019 அக்டோபரில்தான் ஆசிய சம்மேளனம் உட்கார்ந்து பேசி, 2022-23 சீசனில் இருந்து ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். இடம்னு முடிவாச்சு. அந்தப் படிக்கட்டுல முதல்ல ஏறினது பஞ்சாப் எஃப்.சி. அது வேற யாரும் இல்லை, கைமாறிப் பேர் மாறின அதே மினர்வாதான். சென்னை சிட்டி ஜெயிச்சது நாலு வருஷம் முன்னாடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"மேல இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்க"ன்னு நினைக்கிறீங்களா? ஐ.எஸ்.எல்.லயும் இதே கதைதான். புனே சிட்டி 2019இல் முடிஞ்சது, அந்த இடத்துக்கு ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆச்சு. ஹைதராபாத் 2021-22 சாம்பியன். அடுத்த ரெண்டு வருஷத்துல சம்பளப் பாக்கி, வீரர்கள் ஒவ்வொருத்தரா வெளியேற்றம். 2025இல் அந்த இடம் டெல்லிக்கே மாறிடுச்சு, வேற பேரில். மூணு முறை சாம்பியன் ஆன கொல்கத்தாவின் ஏ.டி.கே., 2020இல் மோகன் பகானோட சேர்ந்து தனி கிளப்பா இல்லாமலே போச்சு.

2025 ஜூலையில இன்னும் பெரிய அடி. அந்த 15 வருஷ ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது, புதுப்பிக்கிறது பத்தித் தெளிவு இல்லைன்னு லீக்கை நடத்துற நிறுவனம் சீசனையே நிறுத்தி வச்சது. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையில்லாம நிறுத்துறதா அறிவிச்சது. அறிமுகமான வருஷமே ஐ-லீக் வென்ற, 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிப்போட்டி வரைக்கும் போன கிளப் அது. வணிக உரிமைக்கு டெண்டர் விட்டாங்க, நவம்பர் கெடு வரைக்கும் ஒருத்தர்கூட கேட்டு வரலை. வழக்கமா செப்டம்பர்ல ஆரம்பிக்கிற சீசன் 2025 முடியுற வரைக்கும் ஆரம்பிக்கவே இல்லை.

முன்னாடி ஒரு மில் கையை எடுத்தா ஒரு கிளப் விழுந்தது. இப்போ ஒரு ஒப்பந்தம் முடிஞ்சா லீக்கே நிக்குது. லீக்கோட பேரை மாத்தினோம், லோகோவை மாத்தினோம். எல்லாமே ஒரே ஒரு இடத்தை நம்பி நிக்கிற அந்த டிசைனை மட்டும் மாத்தலை.

அப்போ எது நிலைச்சு நின்னுச்சு? மோகன் பகான் 1889. முகமதன் 1891. ஈஸ்ட் பெங்கால் 1920. மூணு லீக்கையும் பார்த்துட்டு இன்னும் ஆடுறாங்க. இவங்களுக்கும் முதலீட்டாளர் வேணும். ஈஸ்ட் பெங்கால் சில வருஷத்துக்கு ஒருமுறை புது ஆளைத் தேடுறதையும் பார்க்கிறோம். ஆனா முதலீட்டாளர் போனதும் கிளப் போகலை. காரணம், அதுக்கு உறுப்பினர்கள் இருக்காங்க, தாத்தா காலத்துல இருந்து டிக்கெட் வாங்குற குடும்பங்கள் இருக்கு. ஏ.டி.கே.வோட சேர்ந்ததும் மோகன் பகான் பேருக்கு முன்னாடி அந்த மூணு எழுத்தையும் ஒட்டினாங்க. ரசிகர்கள் விடலை. பேரைத் தூக்குன்னு ரெண்டரை வருஷத்துக்கும் மேல போராடினாங்க. 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை ஜெயிச்ச அதே ராத்திரி, ஏ.டி.கே. பேர் நீங்குதுன்னு உரிமையாளரே அறிவிச்சார்.

சென்னை சிட்டி பட்டியல்ல இருந்து காணாமப் போனப்போ அப்படி யாரும் தெருவுக்கு வரலை. அதுக்கு ரசிகர்களைக் குறை சொல்ல மாட்டேன். சென்னைன்னு பேர் வச்ச கிளப் கோவையில் ஆடினது. ஒரு ஊர் தன்னோடதுன்னு நினைக்கிற அளவுக்கு நேரமே கிடைக்கலை.

அதனால நீங்க எந்த கிளப்பை ஆதரிச்சாலும் சரி, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: நாளைக்கு ஓனர் போயிட்டா இந்த கிளப்ல மிச்சம் இருக்கப்போறது யாரு? அகாடமியில படிக்கிற பசங்க, சனிக்கிழமை மேட்சுக்கு வர்ற கூட்டம், உறுப்பினர்னு ஒரு அமைப்பு, இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அதைக் கேட்கிற உரிமை டிக்கெட் வாங்குற நமக்கு இருக்கு. ஓனர் யாருங்கிறதை நம்மால தேர்ந்தெடுக்க முடியாது. ஆனா பேரைத் தூக்குன்னு சொல்ல முடியும்னு கொல்கத்தாக்காரங்க காட்டிட்டாங்க.

கோயம்புத்தூர்ல அந்த 2019 மேட்சை நேர்ல பார்த்தவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் போடுறேன்.