தங்கம்னு நினைச்ச கல்

இன்னைக்குக் கதை நடக்கிறது ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா மாநிலத்துல இருக்கிற மேரிபரோங்கிற ஊர் பக்கம். 19ஆம் நூற்றாண்டுல தங்கம் தேடி ஜனங்க கூட்டம் கூட்டமா வந்த பகுதி. 2015 மே மாசம் ஒருத்தர் மெட்டல் டிடெக்டரோட அங்க போறார். களிமண்ணுல செம்பழுப்பா ஒரு கல். 17 கிலோ! உள்ள தங்கக் கட்டி இருக்கும்னு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டார்.

ரம்பம், கிரைண்டர், டிரில், ஆசிட், சம்மட்டின்னு எல்லாம் போட்டுப் பார்த்தார். உடையவே இல்ல. சில வருஷம் கழிச்சு மெல்போர்ன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துட்டுப் போனார். அங்க இருந்த புவியியலாளர் டெர்மட் ஹென்றி, 37 வருஷத்துல ஜனங்க கொண்டுவந்த ஆயிரக்கணக்கான 'விண்கற்களை'ப் பார்த்தவர். அதுல நிஜமானது ரெண்டே ரெண்டுதான். இது அதுல ஒண்ணு.

புதுசா விழுந்த விண்கல்னா, மேல கருப்பா உருகின தோல் இருக்கும். வருஷக்கணக்கா மண்ணுல கிடந்தா ஈரம் பட்டு, உள்ள இருக்கிற இரும்புத் துகளெல்லாம் துருப்பிடிக்கும். அப்புறம் அது பத்தோட பதினொண்ணா கிடக்கிற கல்தான். இந்தத் துருவுக்கே டபிள்யூ-0 முதல் டபிள்யூ-6 வரை ஒரு அளவுகோல் இருக்கு. டபிள்யூ-4னா 95 சதவீதத்துக்கு மேல உலோகம் போயிருக்கும்.

அப்போ உலோகமே போன கல்லை எப்படி வகைப்படுத்துறது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆலிவின்னு ஒரு கனிமம். அதுக்குள்ளயும் கொஞ்சம் இரும்பு இருக்கும், ஆனா அது அவ்வளவு சீக்கிரம் கெடாது. லாக் ஃபைல் அழிஞ்சு போனாலும் பேக்கப்ல தகவல் இருக்கிற மாதிரி! ஆலிவின்ல இரும்புப் பங்கு சுமாரா 16-லிருந்து 20 சதவீதத்துக்குள்ள வந்தா 'ஹெச்' வகை. அதாவது மொத்தத்துல இரும்பு அதிகம் உள்ள கூட்டம்.

மேரிபரோ கல்லை வைர ரம்பத்தால ஒரு துண்டு அறுத்துப் பார்த்தாங்க. ஹெச்-5. அந்த 5, தாய்ப்பாறைக்குள்ள எவ்வளவு சூடு பட்டுச்சுன்னு சொல்ற எண். உள்ள இருக்கிற காண்ட்ரூல்ங்கிற குட்டி மணிகள் 3-ல பளிச்சுன்னு தெரியும், 6-ல கிட்டத்தட்ட கரைஞ்சு போயிருக்கும். 5-ல மங்கலா தெரியும். கல்லோட வயசு 460 கோடி வருஷம்.

ஆனா பூமிக்கு வந்து ஆயிரம் வருஷம்கூட ஆகலன்னு கார்பன் ஆய்வு சொல்லுது. 1889-க்கும் 1951-க்கும் நடுவுல அந்தப் பக்கம் விண்கற்கள் எரிஞ்சு விழுந்ததைப் பார்த்ததா சில குறிப்புகள் இருக்கு. அதுல ஒண்ணு இதுவாவும் இருக்கலாம்.