மண்ணில் கிடக்கும் மணிச்சான்று

(மணவூரில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கடுகளவும் மிளகளவும் உள்ள பழங்கண்ணாடி மணிகளைப் பற்றியே பேச வந்துள்ளேன். பேரரசர்களையும் பெருங்கோயில்களையும் விட்டுப் பாசிமணியைப் பேசுவதா என்று எண்ணாதீர்கள். கோட்டை இடிந்துபோகும், ஓலையைச் செல் அரிக்கும், செப்பையும் உருக்கி விற்பர். கண்ணாடி மணியோ ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் நிறம் குன்றாமல் எழுந்து வந்து சான்று சொல்கிறது. அச்சான்றை நாம் கேட்கப் போகிறோமா, விற்கப் போகிறோமா என்பதே இன்று நம் முன் நிற்கும் வினா.

புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. அங்கு ஊர்ச் சிறுவர் பொறுக்கிய மணிகளே 1937ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேயின் கண்ணைத் திறந்தன. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவர்க்குப் பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அம்மேட்டை அகழ்ந்தனர். உரோம நாட்டுச் சாடித் துண்டுகளைக் கண்டு உலகம் வியந்தது. ஆனால், அங்கே நம்மவர் உலை மூட்டி மணி செய்த கழிவுகளும் கிடைத்தன என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? உரோமன் வந்தான் என்பது மட்டும் பெருமையன்று. அவனையும் அவன்போன்ற பிறரையும் வரவழைக்கும் கைத்தொழில் இங்கு இருந்தது என்பதே பெருமை.

அத்தொழிலின் நுட்பத்தைச் சற்றுக் கேளுங்கள். உருகிய கண்ணாடிக் குழம்பை நீண்ட இரும்புக் குழலின் நுனியில் உருண்டையாகத் திரட்டுவர். குழலினுள்ளே மெல்லிய இரும்புக்கோலைச் செலுத்தி, உருண்டையின் நடுவே துளை அமைப்பர். உலையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருப்பவர் அக்கண்ணாடியைப் பற்றிக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பார். பஞ்சிலிருந்து நூல் வருவதுபோல, நடுவே துளையுடைய மெல்லிய கண்ணாடிக் குழாய் நீண்டு வரும். ஆறியபின் அதனைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்குவர். நறுக்கிய முனை கூர்மையாக இருக்கும். எனவே, துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். துளைக்குள் சாம்பல் நிற்பதால் துளை தூர்ந்துபோகாது. விளிம்பு மட்டும் மழுங்கி மணி உருண்டை வடிவம் பெறும். செம்பு கலந்தால் சிவப்பு; ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் மஞ்சள். எவ்வளவு எளிய கருவிகள்! எத்துணை ஆழ்ந்த அறிவு!

இம்முறை ஏட்டளவில் நின்றதன்று. நம் மணவூருக்கு வடக்கே, திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் இடைப்பட்ட பகுதியில் பாப்பநாயுடுபேட்டை என்னும் ஊர் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலும் அவ்வூர் உலைகளில் இதே முறையில் மணி இழுத்ததை வெளிநாட்டு ஆய்வாளர் நேரிற் கண்டு பதிந்தனர். அரிக்கமேட்டுக் கழிவுத் துண்டுகளின் பொருள் அவ்வுலைக்களத்தைக் கண்ட பின்னரே தெளிவாக விளங்கிற்று. அங்கு உழைத்தவர் எம்மொழி பேசுவோராயினும், பழந்தொழிலை அழியாமற் காத்த அவர்தம் கைகளை நான் வணங்குகிறேன்.

இவ்வகை மணிகள் ஈழத்து மாந்தையிலும், தாய்லாந்தின் குலோங்கு தோமிலும், வியத்துநாமின் ஒக்கேயோவிலும், ஆப்பிரிக்கக் கீழைக் கரையிலும் கிடைத்துள்ளன. தீமோர்த் தீவு மக்கள் செம்மணிகளை 'முத்திசாலா' என அழைத்துக் குலச்செல்வமாகப் போற்றுகின்றனர். இம்மணிகளை வாழ்நாளெல்லாம் ஆய்ந்தவர் அமெரிக்கரான பீட்டர் பிரான்சிசு. அவர் இவற்றுக்கு 'இந்திய-பசிபிக்கு மணிகள்' எனப் பெயரிட்டார். அரிக்கமேட்டையே இத்தொழிலின் தொன்மையான நடுவிடமாகக் கருதினார். பின்வந்தோர் கண்ணாடியின் வேதிக் கூறுகளைப் பகுத்து, எம்மணி எவ்விடத்துக் கண்ணாடியால் ஆனது எனப் பிரித்தறிய முயல்கின்றனர். அம்முயற்சிக்கு வேண்டுவது யாது? கிடைத்த இடம் அறியப்பட்ட மணி! இடம் தெரியாத மணி ஆயிரம் இருப்பினும் பயன் சிறிதே.

இங்குதான் நம் கடமை தொடங்குகிறது. பழம்பொருள் திரட்டுவோர் இன்று பெருகிவிட்டனர். மழை பெய்தவுடன் மேட்டில் மணி பொறுக்குவோரிடம் இடைத்தரகர் சில உருபாக்களுக்கு வாங்கிச் செல்கின்றனர். அவை பெட்டியிற் கலந்து, நிறம் பிரிந்து, புதிய நூலிற் கோக்கப்பட்டு விலைபோகின்றன. புதுமணியை மண்ணிற் புதைத்தெடுத்துப் பழமணி என விற்போரும் உளர். வாங்குபவர் கையில் எஞ்சுவது அழகு. தமிழன் இழப்பதோ வரலாறு.

இதனை நம் ஊர்ப்பக்கத்துச் செய்தியாலேயே விளக்குவேன். அண்மையிலுள்ள திருவாலங்காட்டில் 1905இல் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. 31 இதழ்கள்! அவற்றை இதழுக்கொரு விலையாக 31 பேருக்கு விற்றிருந்தால், சோழர் வழிமரபை இன்று தொடர்ச்சியாகப் படிக்க முடியுமா? மண்ணடுக்கும் அத்தகையதே. ஓரடுக்கில் மணி, அதனருகே பானையோடு, அப்பானையோட்டில் எழுத்து, பக்கத்தில் அடுப்புக்கரி. இவை அனைத்தும் சேர்ந்தே காலம் சொல்லும். பழனிக்கருகே பொருந்தலில் பேராசிரியர் கா. இராசன் 2009-2010இல் அகழ்ந்தபோது ஈராயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடி மணிகள் கிடைத்தன. கீழடியிலும் கண்ணாடி மணிகள் வந்தன. முறைப்படி எடுத்ததனால் அவை பேசுகின்றன. தரகர் பெட்டியில் உள்ளவை ஊமைகள்.

திரட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூசு பூட்டும் பொருள்களைத் திரட்டியவரே. ஆனால், எங்கே எடுத்தார் என்பதை அவர் எழுதி வைத்தார். அவர் திரட்டியவை 1904இல் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எனவே அவை அறிவாயின. பூட்டிய பெட்டியில் வைத்துத் தாம் மட்டும் மகிழ்வது திரட்டல் அன்று, பதுக்கல்.

சட்டமும் உண்டு. நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமமின்றி வணிகம் செய்வதையும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மண்ணுள் மறைந்திருந்த, பத்து உருபா மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். ஆயினும் சட்டம் ஒவ்வொரு மேட்டிலும் காவல் நிற்காது. ஊர்தான் காவல் நிற்க வேண்டும்.

மாணவர்களே! மேட்டில் மணி கண்டால் தோண்டாதீர்கள். ஊர், புல எண், நாள், உடன்கிடந்த ஓடு ஆகியவற்றை எழுதுங்கள், படம் எடுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மண் அள்ளும் பொறி பழமேட்டை நெருங்கினால் ஊரைக் கூட்டுங்கள்.

திருத்தணி 1960 ஏப்பிரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பிறரும் போராடினர். ஆனால், முழக்கம் மட்டும் எல்லையை மீட்கவில்லை. ஊர் ஊராக, எம்மொழியினர் எத்துணையர் என்ற கணக்கும் சான்றாக நின்றது. மண்ணின் எல்லைக்குச் சான்று கேட்ட உலகம், மொழியின் தொன்மைக்கும் சான்று கேட்கும். மேடைதோறும் தொன்மை முழங்கிவிட்டு, அத்தொன்மையின் சான்றைப் பிடி உருபாவுக்கு விற்கும் இனத்தை யார் மதிப்பர்?

சிறு மணிதானே என்று விடாதீர்கள். நம் முன்னோர் கைச்சூடு பட்ட மணி அது. அதனை அதன் இடத்தோடு காப்போம். தமிழர் வரலாற்றைக் கோப்போம்!

வாழ்க தமிழ்!