எத்தனை இஞ்ச் தண்ணீர்?

போர் போட்டு முடித்ததும் நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்பது. கம்ப்ரசர் பீய்ச்சும் நீரைப் பார்த்து வண்டிக்காரர் இரண்டு இஞ்ச் என்கிறார்; அந்தச் சொல்லை நம்பி மோட்டாரும் குழாயும் வாங்குகிறோம். பாறை வெடிப்பில் தேங்கிக் கிடந்த நீர் காற்றழுத்தத்தில் சிறிது நேரம் வெளியேறும் வேகம், அவ்வளவுதான் அந்த எண். சித்திரை வெயிலில் அந்தக் கிணறு என்ன தரும் என்று அறிய, வெளியே கொட்டும் நீரைவிட உள்ளே இறங்கும் மட்டமே நம்பத்தக்க சாட்சி.

அந்தச் சாட்சியை விசாரிப்பதுதான் இறைப்புச் சோதனை. ஒரே சீராக இறைத்துக்கொண்டு, மட்டம் எந்த நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று குறித்து வருவார்கள். பூமிக்குள் நீர் நகர்வதும் உலோகத்தில் வெப்பம் பரவுவதும் ஒரே கணக்குக்குள் அடங்கும் என்று கண்டு, 1935இல் அதற்குச் சமன்பாடு தந்தவர் அமெரிக்க நிலவியலாளர் தீஸ். 1946இல் கூப்பரும் ஜேக்கப்பும் அதைச் சுருக்கினார்கள்: தொடக்க நேரம் கழிந்தபின், காலம் பத்து மடங்காகும்போதெல்லாம் மட்டம் ஒரே அளவு இறங்கும். நொடிக்கு 2 லிட்டர் இறைக்கிறோம், 10ஆம் நிமிடத்துக்கும் 100ஆம் நிமிடத்துக்கும் இடையே 2 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரைக் கடத்தும் திறன் நாளுக்கு ஏறத்தாழ 16 சதுர மீட்டர் என்று கணக்கு வந்துவிடும். 1000ஆம் நிமிடத்துக்குள் இன்னும் 2 மீட்டர் இறங்கவேண்டும், அதற்கு மேல் கூடாது.

இந்தக் கணக்கு எல்லையில்லாமல், ஒரே சீராகப் பரந்த நிலத்தடிக்கு எழுதப்பட்டது. தமிழ்நாட்டிலோ முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை, இங்கே எப்படிச் செல்லும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு பிசகும் இடமே நமக்குச் செய்தி. மேலே சொன்ன கிணற்றில் அடுத்த கட்டத்தில் 2 மீட்டருக்குப் பதில் 4 மீட்டர் இறங்கினால், நீர் வரும் பரப்பு ஒரு பக்கம் பாறைச் சுவரில் முட்டிவிட்டது என்று ஐயப்படலாம். மேல் வெடிப்பு ஒன்று வறண்டு போயிருந்தாலும், மட்டத்தைக் காலத்தோடு வரைந்த கோடு இப்படிச் சரியும். எது காரணம் என்பதைத் துளையிட்டபோது எத்தனை அடியில் எந்தப் பாறை வந்தது என்ற குறிப்போடு ஒத்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும். கோட்டை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

திறந்த கிணற்றில் வேறொரு சிக்கல். 6 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் நீர் என்பதே ஏறத்தாழ 28,000 லிட்டர். நொடிக்கு 10 லிட்டர் இறைத்தால், ஊற்று எதுவும் தராவிட்டாலும் முக்கால் மணி நேரம் ஓடும். அந்த முக்கால் மணி நேரக் குறிப்பைப் பாறையின் குணம் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். கிணற்றின் சொந்த இருப்பையும் சேர்த்துக் கணக்கிடும் வழியை 1967இல் பாப்பாடோபுலோஸும் கூப்பரும் தந்தார்கள்.

மோட்டாரை நிறுத்தியபின் மட்டம் ஏறுவதையும் அளக்கவேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் ஊரில் இறைப்பு எங்கே சீராக இருக்கிறது? நிறுத்திய மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஏறும் குறிப்பு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இறைத்த நேரத்தைப் போலப் பல மடங்கு காத்திருந்தும் மட்டம் பழைய இடத்துக்கு வராவிட்டால், நீர் தரும் பரப்பு சிறியது என்ற ஐயம் வலுக்கும்.

இத்தனை செய்தாலும், அந்தப் பாறை எவ்வளவு நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது இறைக்கும் கிணற்றை மட்டும் வைத்து நம்பகமாகக் கிடைக்காது. சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு கிணற்றிலும் மட்டம் பார்க்கவேண்டும். அன்று முழுதும் அந்தக் கிணற்றுக்காரர் மோட்டார் போடாமல் இருக்கச் சம்மதிக்கவேண்டும். சமன்பாடுகளைவிட அதுதான் கடினம்.