பாராதைராய்டு அறுவைக்குப்பின் சிறுநீரக நோயாளர் வாழ்வு
(பங்கின் யூபிலியையொட்டி நோயாளரின் குடும்பத்தாருக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் கல்லங்குறிச்சி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைக் காணாதவர் யார்? லாரி லாரியாகக் கல் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. நம் உடம்பிலும் ஒரு சுண்ணாம்புக் கிடங்கு உண்டு, அதுதான் எலும்பு. அதிலிருந்து இரத்தத்திற்கு எவ்வளவு கால்சியம் எடுக்கலாம் எனக் கணக்குப் பார்ப்பவை, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவே. லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை அறுத்துப் பார்த்தபோதுதான் ரிச்சர்ட் ஓவன் என்பவர் இதைக் கண்டார். மனிதரிடம் இதைக் கண்டு 1880-இல் விவரித்தவர் சுவீடன் நாட்டு சாண்ட்ஸ்ட்ரோம்.

சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. வைட்டமின் டி வேலை செய்யும் நிலைக்கு மாறுவதில்லை. இரத்தத்தில் கால்சியம் குறைகிறது. உடனே இச்சுரப்பிகள் ஓயாது சுரந்து, வீங்கி, கட்டுக்கடங்காமல் எலும்பைச் சுரண்டத் தொடங்குகின்றன.

எலும்பு வலி, உறங்கவிடாத அரிப்பு, கை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடியாமை, லேசாக விழுந்தாலும் எலும்பு முறிவு. “டயாலிசிஸ் செய்பவருக்கு இதெல்லாம் சகஜம், சாமி” என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சகஜமன்று. “முழந்தாளிட முடியவில்லையே” என்று வருந்துவோரிடம், உட்கார்ந்தே செபியுங்கள் என்பேன். ஆனால் ஏன் முடியவில்லை என்று டாக்டரைக் கேளுங்கள் என்றும் சொல்வேன்.

முதலில் மருந்தும் உணவுக் கட்டுப்பாடும்தான். அவற்றுக்கு அடங்காதபோதே அறுவைச் சிகிச்சை. மூன்றரைச் சுரப்பியை எடுத்துவிடுவர். அல்லது நான்கையும் எடுத்து, ஒரு சிறு துண்டை முன்கையில் பதித்து வைப்பர். 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த வேலூர் சி.எம்.சி.யிலும், சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் சுரப்பி அறுவைக்கென்றே தனிப்பிரிவு உண்டு.

பிறகு வாழ்வு எப்படி? அரிப்பு பலருக்குச் சில நாட்களிலேயே தணிகிறது. தூக்கம் வருகிறது. எலும்பு வலி குறைந்து, தசை வலு மெல்லத் திரும்புகிறது. பிறர் கை பிடிக்காமல் கொல்லைக்குப் போய்வருவது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். படுத்துக் கிடந்தவருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் குறுகிப்போன உயரமும் வளைந்த எலும்பும் பழையபடி ஆகா. சிறுநீரகமும் குணமாகாது, டயாலிசிஸ் தொடரும்.

வீட்டார் விழித்திருக்க வேண்டிய காலம் இதுவே. இத்தனை நாள் சுரண்டப்பட்ட எலும்பு, அறுவை முடிந்ததும் பசியெடுத்ததுபோல் இரத்தத்திலுள்ள கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். மருத்துவர்களும் இதைப் ‘பசித்த எலும்பு’ என்றே சொல்கிறார்கள். முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் அடிக்கடி இரத்தம் பார்த்து, ஊசிவழி கால்சியம் ஏற்றுவர். வீடு திரும்பியபின் மாத்திரைகள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். “வலிதான் போய்விட்டதே, இத்தனை மாத்திரை எதற்கு?” என்று நிறுத்துவது ஆபத்து. உதடும் விரல்நுனியும் மரத்துப்போனால், கை விரல்கள் இழுத்துக்கொண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இழுப்பு வந்து இதயத் துடிப்பும் தடுமாறக்கூடும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் செய்ய வேண்டியது.

இங்கு டயாலிசிஸ் செய்துகொள்வோர் வீட்டிலிருந்து வந்திருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது, கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றும் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது என்று கேட்டு, நோட்டில் தேதியோடு எழுதி வாங்கி வாருங்கள்.