பயனியரும் பியூனும்

தலைப்பு: வாழ்க்கையில் முந்தி நிற்கத் துணை செய்வது சொல் அலங்காரமா? செயல் திறமையா?
'செயல் திறமையே' அணியில் கோவையைச் சேர்ந்த ஒரு டி.டி.பி. மைய உரிமையாளர் பேசியது



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். "பயோடேட்டாவில் இன்னொவேட்டிவ், பயனியர், கட்டிங் எட்ஜ், ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட், இந்த நாலு வார்த்தை இருந்தால் வேலை வீடு தேடி வரும்" என்றார். தம்பி, அந்த நாலு வார்த்தையையும் பதினெட்டு வருஷமா டைப் அடிச்சு அடிச்சு என் விரல்தான் தேய்ஞ்சு போச்சு. (சிரிப்பு) என் கடைக்கு வர்ற பத்துப் பயோடேட்டாவில் ஒன்பதுக்கு அந்த வார்த்தைகளைப் போட்டுக் கொடுத்தது நான்தான். எல்லாருமே முன்னணின்னா பின்னணியில யாருங்க நிக்கிறது?

தம்பி சொன்ன வார்த்தைகளோட ஜாதகத்தைக் கொஞ்சம் பார்ப்போமா?

முதல்ல 'இன்னொவேஷன்'. புதுசைக் கொண்டு வர்றதுன்னு அர்த்தம். இன்றைக்கு இது பாராட்டு. ஆனால் 1548ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு ராஜா, அப்போ அவருக்கு வயசு பத்து, சமயச் சடங்குகளில் யாரும் தன் இஷ்டத்துக்கு 'இன்னொவேட்' செய்யக்கூடாது என்று ஒரு பிரகடனமே போட்டார். ஹென்றி பர்ட்டன் என்று ஒரு போதகர். பிஷப்புகளைப் பார்த்து, "நீங்கள்தான் இன்னொவேஷன் செய்கிறீர்கள்" என்று குற்றம் சாட்டிப் பிரசங்கம் செய்தார். 1637இல் அவரைத் தண்டனை மேடையில் நிறுத்தி இரண்டு காதையும் அறுத்துவிட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளப் பயன்பட்ட வார்த்தைங்க அது! அதைத்தான் நாம இன்னைக்குக் கொட்டை எழுத்தில் போட்டுக்கறோம்.

அடுத்து 'பயனியர்'. முன்னோடி என்கிறோம். பிரெஞ்சு மொழியில் அது காலாட்படைக்காரனைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. படை வருவதற்கு முன்னால் மண்வெட்டியும் கோடரியுமாகப் போய், புதரை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, பாதை போட்டுக் கொடுக்கிறவன்தான் பயனியர். நம்ம சென்னைக் கோட்டையிலேயே 1780இல் 'மெட்ராஸ் பயனியர்ஸ்' என்று இரண்டு கம்பெனி வீரர்களைச் சேர்த்தார்கள். இன்றைய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுக்கு அதுதான் ஆரம்பம்.

இன்னொரு சங்கதி. ஆபீசில் ஃபைல் தூக்குகிறாரே பியூன், அந்த வார்த்தையும் அதே காலாட்படைக்கார வேரிலிருந்து வந்ததுதான். பயனியரும் பியூனும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க! (கைதட்டல்) ஒருத்தருக்கு மாலை, இன்னொருத்தருக்கு "டீ வாங்கிட்டு வாப்பா". ஆக, முன்னால் போனவனுக்கு முதலில் கிடைத்தது மாலை இல்லை, மண்வெட்டி.

'ட்ரெயில் பிளேசர்' என்பார்கள். காட்டில் முதலில் நடப்பவன் மரப்பட்டையைக் கோடரியால் செதுக்கி அடையாளம் வைப்பான். அந்த அடையாளத்துக்குப் பேர்தான் 'பிளேஸ்'. எதுக்கு? பின்னால் வருகிறவன் வழி தவறக்கூடாது என்று. நம்ம ஊரிலேயும் முன்னேர் போன வழியில்தானே பின்னேர் போகுது?

'பெல்வெதர்' என்று ஒரு வார்த்தை. முன்னணியில் இருப்பவரை இன்றைக்கு அப்படிச் சொல்கிறார்கள். உண்மையில் அது கழுத்தில் மணி கட்டிய கிடா, அதுவும் காயடித்த கிடா. மந்தைக்கு முன்னால் மணியாட்டிக்கொண்டு போகும். ஆனால் போகிற வழியைத் தீர்மானிப்பது மேய்ப்பவர். தம்பி, முன்னால் போகிறதெல்லாம் தலைமை இல்லைங்க. (பலத்த சிரிப்பு)

சிரிச்சது போதும். இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் என் கடைக்கு ஒருத்தர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். லேத் பட்டறையில் டர்னர். வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். மகள் காலேஜ் படிக்கிறாள். "அம்மிணி, நல்லாப் பெருசா ஒரு பயோடேட்டா அடிச்சுக் குடுங்க" என்றார். நான் வழக்கம்போல, அவரை ஒரு வார்த்தை கேட்காமல், 'இன்னொவேட்டிவ்', 'டைனமிக்', 'கட்டிங் எட்ஜ்' என்று அடித்துக் கொடுத்தேன். முப்பது ரூபாய் வாங்கினேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். முகமே சரியில்லை. இன்டர்வியூவில், "இன்னொவேட்டிவ்னு போட்டிருக்கீங்களே, என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் முழித்திருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். "அம்மிணி, அந்த வார்த்தைய எடுத்துடுங்க. நான் அதெல்லாம் இல்லீங்க" என்றார்.

நடுவர் அவர்களே, அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நான் அதெல்லாம் இல்லீங்க" என்றாரே, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

"அண்ணா, உட்காருங்க. பட்டறையில நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன். அவர் சொன்னார்: "பம்ப்போட ஒரு பாகத்துக்கு மூணு பக்கம் ஓட்டை போடோணும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கழட்டி, திருப்பி, அளவு பார்த்து மாட்டோணும். நேரமும் போவும், அளவும் தப்பும். நான் பொட்டியாட்டம் ஒரு ஜிக் செஞ்சேன். பாகத்தை ஒருக்கா உள்ள வெச்சு இறுக்கிட்டாப் போதும். பொட்டியோடவே திருப்பித் திருப்பி வெச்சு மூணு பக்கமும் ஓட்டை போட்டுறலாம். புதுசா வந்த பையன்கூடத் தப்பில்லாமப் போடுவான்."

கவனிங்க. ஜிக் என்பது உலகத்துக்குப் புதுசு இல்லை. இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தால் அது 'இன்வென்ஷன்'. புதுசைக் கொண்டுவந்து புழக்கத்தில் விட்டால் அது 'இன்னொவேஷன்'. அந்தப் பட்டறைக்கு அது புதுசு. கொண்டுவந்தவர் அவர். அதாவது, நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்த அந்த வார்த்தைக்குச் சரியான சொந்தக்காரர் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்! அவர் செயலைக் கேட்காமல் நான் சொல்லை ஒட்டினேன். அதனால் தன் பெயரைத் தானே அடையாளம் தெரியாமல் திரும்பி வந்தார்.

வார்த்தையை எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே நாலு வரியில் எளிமையாக அடித்தேன். அடுத்த பட்டறையில், "இந்த ஜிக்கை வரைஞ்சு காட்டுங்க" என்றார்களாம். பென்சிலை வாங்கி வரைந்திருக்கிறார். வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து என் மேஜையில் வைத்து, "அம்மிணி, அந்தப் பழைய வார்த்தையத் திரும்பப் போட்டுக் குடுங்க. இப்பக் கேட்டா அர்த்தம் சொல்லுவேன்" என்றார்.

"என்ன அர்த்தங்கண்ணா?" என்றேன்.

"கூட வேலை செய்யறவன் சிரமத்தைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியாதவன்னு அர்த்தமுங்க." (நீண்ட கைதட்டல்)

எந்த அகராதியிலும் இந்த அர்த்தம் இல்லைங்க. எதிரணி நண்பர்களே, சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் கட்டிவிட்டுப் பெயர்ப் பலகை மாட்டுங்கள். பலகையை மட்டும் வைத்துக்கொண்டு தெருவில் நிற்காதீர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, பயோடேட்டா எழுத உட்காரும் முன்னால், "நான் எந்தப் புதரை வெட்டினேன், யாருக்குப் பாதை போட்டேன்?" என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தப் பதில் கிடைத்துவிட்டால் வார்த்தை தானாக வரும்.

முந்தி நிற்கத் துணை செய்வது செயல் திறமையே, செயல் திறமையே.