நூற்றாண்டு மண்டபத்தில் எந்தக் கொடிகள்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

நமது மண்டபத்தின் சுவரில் உலக நாடுகளின் கொடிகளை வரிசையாக வைப்பதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. எந்தெந்தக் கொடிகளை வைப்பது என்று பேசும்படி என்னிடம் சொன்னார்கள். கேட்பதற்கு இலேசான வேலை. பட்டியல் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும்.

உலகில் எத்தனை நாடுகள் இருக்கின்றன? பதில் யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடுகள் 193. அதோடு வத்திக்கானும் பலஸ்தீனமும் பார்வையாளர் நாடுகள். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்திலோ 211 உறுப்பினர்கள். அங்கே இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் தனித்தனி அணிகள், ஐ.நா.வில் நான்கும் சேர்ந்து ஒரே ஐக்கிய இராச்சியம். ஒலிம்பிக்கில் ஹொங்கொங்குக்குத் தனி அணி உண்டு, ஐ.நா.வில் தனி ஆசனம் இல்லை. தாய்வானில் இருக்கும் அரசு 1971 வரை சீனாவின் பெயரில் ஐ.நா.வில் இருந்தது. இன்று அங்கே அதற்கு இடமில்லை. ஆகவே, கொடிகளை எண்ணுவதற்கு முன் எந்த விதிப்படி எண்ணுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

நம்மில் பலர் சொல்லும் யோசனை, பழைய மாணவிகள் வாழும் நாடுகளின் கொடிகளை மட்டும் வைப்போம் என்பது. சவூதி அரேபியா, கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா என்று பட்டியல் தானாகவே வந்துவிடும். அன்பான யோசனைதான். ஆனால் அப்படி வைத்தால் அந்தச் சுவர் நமக்கு விசா கிடைத்த இடங்களின் படமாகிவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்து, உலகம் என்பது உழைக்கப் போகும் இடம் என்று படிப்பாள். உலகம் அதைவிடப் பெரியது.

அந்த யோசனைக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பலஸ்தீனத்தின் கொடி கட்டாயம் இருக்க வேண்டும் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நம்மவர் யாரும் அங்கே வாழாவிட்டாலும் விதிவிலக்காக வைக்கலாமே என்கிறீர்கள். கொடி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விதிவிலக்காக வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் நமது தேசியக் கொடியின் கதையில் இருக்கிறது.

1948 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் சிங்கக் கொடியை நாட்டின் கொடியாக ஏற்க வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை அவர்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. அதற்கு முன் நமது ஊர்களும் மட்டக்களப்பு மாவட்டமே. ஆக, அந்தக் குரல் நம் பக்கத்துக் குரல், ஒரு முஸ்லிமின் குரல்.

அந்தக் கொடியில் சிறுபான்மையினர் எங்கே என்ற கேள்வி எழுந்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்க ஒரு குழுவை நியமித்தார். டி.பி. ஜாயா, ஜி.ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் அதில் இருந்தார்கள். முஸ்லிம்களுக்குப் பச்சைக் கோடும் தமிழருக்குச் செம்மஞ்சள் கோடும் சேர்க்கப்பட்டன. 1951 மார்ச் 2இல் அந்தக் கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. நடேசன் மட்டும் உடன்படவில்லை. கோடுகள் சிங்கத்தின் பரப்புக்கு வெளியே நிற்கின்றன, இது ஒற்றுமையைக் காட்டாது என்பது அவரது வாதம்.

அவர் சொன்னது சரியா என்று இன்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தக் கொடிக்குக் கீழேதான் நாம் எல்லோரும் தேசிய கீதம் பாடி வளர்ந்தோம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நமக்கு வேண்டும். இடம் கொடுப்பது ஒன்று, எப்படிக் கொடுக்கிறோம் என்பது வேறொன்று. பிறகு சேர்த்துக்கொண்ட இடம் சலுகையாகத் தெரியும். எல்லோருக்கும் பொதுவான விதியால் கிடைத்த இடம் உரிமையாக நிற்கும்.

ஆகவே எனது பிரேரணை இதுதான். ஐ.நா. உறுப்பு நாடுகளும் பார்வையாளர் நாடுகளுமாக 195 கொடிகளையும் ஒரே அளவில், தமிழ் அகரவரிசையில் வைப்போம். பலஸ்தீனத்துக்கு நாம் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. இலங்கை 1988இலேயே அதை அங்கீகரித்துவிட்டது. 2015 முதல் அதன் கொடி ஐ.நா. தலைமையகத்தில் பறக்கிறது. நமது சுவரில் பல்கேரியாவுக்கும் பலாவுக்கும் நடுவில், யாருடைய தயவும் இல்லாமல் அது நிற்கும்.

இதே விதி இஸ்ரேலின் கொடியையும் கொண்டுவரும். அகரவரிசைப்படி அது இலங்கைக்கு அருகிலேயே வரும். சிலருக்கு இது கசக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நமக்குப் பிடிக்காத கொடியை நாம் எடுத்தால், பலஸ்தீனக் கொடியை எடுக்கச் சொல்பவருக்கு என்ன பதில் சொல்வோம்? இந்தச் சுவர் நண்பர்களின் பட்டியல் அல்ல. ஒரு கொடியை வைப்பதால் அந்த அரசின் செயலை நாம் ஏற்றுக்கொண்டதாகாது.

விதி சிலரை வெளியே விடும் என்பதையும் மறைக்கக் கூடாது. தாய்வானும் கொசோவோவும் வரா. குர்திகளும் ரோஹிங்கியாக்களும் நாடில்லாத மக்கள். அவர்களுக்கும் இதில் கொடி இல்லை. ஆகவே சுவரின் தொடக்கத்தில் ஒரு பலகை வைத்து, இது ஐ.நா. பட்டியல், இதில் இல்லாத மக்களும் உலகில் இருக்கிறார்கள் என்று எழுதுவோம். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், ஆசிரியைமார் சொல்லிக் கொடுக்கட்டும்.

பழைய மாணவிகளையும் மறக்க வேண்டாம். நம்மவர் வாழும் ஊர்களின் பெயரை அந்தந்தக் கொடியின் கீழ் எழுதுவோம். ஸ்கொட்லாந்துத் தங்கச்சிக்குத் தனிக் கொடி கிடைக்காது, ஆனால் கிளாஸ்கோ என்ற பெயர் இருக்கும்.

இரண்டு நடைமுறை விடயங்கள். சவூதிக் கொடியில் கலிமா இருக்கிறது. ஆகவே கீழே விழுந்து மிதிபடக்கூடிய கடதாசிக் கொடிகள் வேண்டாம். துணியில் செய்து உயரத்தில் பொருத்துவோம். மற்றது, கொடிகள் மாறும். சிரியாவின் கொடி 2025இல் மாறியது. ஆப்கானிஸ்தானை இன்று தலிபான்கள் ஆண்டாலும் ஐ.நா.வில் பழைய மூவண்ணக் கொடியே இருக்கிறது. இப்படியான இடங்களில் நாமும் ஐ.நா.வையே பின்பற்றுவோம். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பட்டியலைச் சரிபார்க்கட்டும்.

சகோதரிகளே, கொடிகளைத் தைக்கக் கொடுப்பதற்கு முன் விதியை நிறைவேற்றுங்கள். துணி வந்த பிறகு விதி பேசினால் அது வாக்குவாதமாகத்தான் முடியும். இந்தப் பிரேரணையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.